மூன்று வயதுக்கு இங்கிலீஷ்: பெரிய ஸ்கூலா, தெருமுனை நர்சரியா, அங்கன்வாடியா, வீடா?

பொங்கல் முடிந்த கையோடு தெருமுனைகளில் 'அட்மிஷன் ஓப்பன்' ஃபிளெக்ஸ் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். கோட்டும் டையும் போட்ட ஒரு குழந்தை, பக்கத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ், ஃபோனிக்ஸ், அபாகஸ், ஸ்மார்ட் கிளாஸ் என்று ஒரு பட்டியல். அப்புறம் ரெண்டு மாதத்துக்கு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே கேள்விதான் ஓடும்: எங்கே சேர்த்தால் பிள்ளைக்கு இங்கிலீஷ் நன்றாக வரும்? கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி வீட்டுக்காரர்கள். வீட்டில் தமிழ் மட்டும்தான், அப்பா அம்மா இருவருக்கும் இங்கிலீஷ் படித்தால் புரியும், பேசச் சொன்னால் வாய் கூசும், ஊர் நாமக்கல், விருதுநகர், தஞ்சாவூர் மாதிரி ஒன்று, குழந்தைக்கு மூன்று முடிந்து நாலு நடக்கிறது. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெங்களூரில் அபார்ட்மென்ட் பிள்ளைகளோடு விளையாடவே இங்கிலீஷ் வேண்டியிருக்கிற வீட்டுக்குக் கணக்கு வேறு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் இங்கிலீஷை வைத்து ஸ்கூலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நடந்து போகிற தூரத்தில், குழந்தை தமிழில் வாய் ஓயாமல் பேசினாலும் யாரும் அதட்டாத இடமாகப் பார்த்துச் சேருங்கள். மிச்சமாகிற பணத்தில் கொஞ்சத்தைப் படப் புத்தகத்தில் போட்டு, இங்கிலீஷை வீட்டில் தினமும் சிறிது நேரம் நீங்களே கொடுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தெரியும், அதனால்தான் ஒவ்வொரு வழியையும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

'சின்ன வயசிலேயே பிடிச்சாதான் பாஷை ஒட்டும்' என்பதுதான் எல்லோரும் சொல்கிற முதல் காரணம். பாதி சரி. அமெரிக்காவுக்குக் குடிபோன வீட்டுப் பிள்ளை கொஞ்ச நாளில் அங்கத்திய உச்சரிப்போடு பேசுவதைப் பார்த்துவிட்டுச் சொல்கிற பேச்சு அது. அங்கே அந்தப் பிள்ளைக்கு பார்க்கில், பஸ்ஸில், கடையில், சண்டை போடும்போதும்கூட இங்கிலீஷ்தான். நம் ஊர் எல்கேஜியில் காலை பிரேயரில் இருந்து மதியம் தூங்கப் போகிற வரைக்கும் குழந்தை காதில் விழுகிற உண்மையான இங்கிலீஷ் பேச்சு எவ்வளவு என்று ஒருநாள் உட்கார்ந்து கேட்டால் தெரியும். ஸ்பெயினின் பார்சலோனாவில் கார்மென் முன்யோஸும் அவரது குழுவும் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தார்கள். 8 வயதில் பள்ளியில் இங்கிலீஷ் தொடங்கிய பிள்ளைகளையும் 11 வயதில் தொடங்கியவர்களையும், ஒரே அளவு மணிநேரம் படித்த பிறகு ஒப்பிட்டுப் பார்த்தபோது பெரும்பாலான தேர்வுகளில் லேட்டாகத் தொடங்கியவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். பள்ளிப் பாடமாக மட்டும் கிடைக்கிற மொழிக்கு வயது பெரிய சலுகை எதையும் தருவதில்லை, காதில் விழுகிற நேரம்தான் தருகிறது. ஆகவே மூன்று வயதில் விட்டால் போச்சு என்கிற பதற்றத்தை முதலில் கீழே வையுங்கள். அந்தப் பதற்றத்தைக் காசாக்கத்தான் அந்த ஃபிளெக்ஸ்.

இன்னொரு விஷயமும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரீசியா குல் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியை 12 முறை ஆள் நேரில் உட்கார்ந்து பேசி, படித்துக் காட்டினார்கள். வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆட்களை, அதே பேச்சை டிவியில் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலி வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டன. டிவியில் பார்த்தவை ஒன்றும் பிடிக்கவில்லை. நம் பிள்ளைக்கு வயது இன்னும் கூட, அதனால் இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் எதிரே ஒரு ஆள், அந்த ஆளுக்கு என் மேல் அக்கறை என்கிற உணர்வு இல்லாமல் மொழி உள்ளே இறங்குவது கஷ்டம் என்பது இந்த வயதுப் பிள்ளைகளோடு பழகிய யாருக்கும் தெரியும். அப்போது கேட்க வேண்டியது இதுதான்: எந்த வழியில் போனால் பிள்ளைக்குப் பிடித்த ஒரு ஆள், பிள்ளையின் முகத்தைப் பார்த்து, தினமும் நாலு வாக்கியம் இங்கிலீஷில் பேசுவார்?

முதலில் பெரிய இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல். ப்ரீகேஜியிலேயே 'கேம்பஸுக்குள் இங்கிலீஷ் மட்டும்' என்பார்கள். நகரத்துக்கு நகரம் கட்டணம் மாறும், வேன், யூனிஃபார்ம், நோட்டு எல்லாம் சேர்த்தால் கீழே அரை லட்சத்தில் இருந்து மேலே லட்சங்கள் வரைக்கும் போகும். நல்லதைச் சொல்ல வேண்டுமென்றால், சரளமாகப் பேசுகிற டீச்சர் கிடைக்க இங்கேதான் வாய்ப்பு அதிகம், வகுப்பில் புத்தகங்களும் விளையாட்டுச் சாமானும் நிறைய இருக்கும். ஆனால் 'இங்கிலீஷ் மட்டும்' என்கிற விதியை மூன்று வயதுப் பிள்ளையின் பக்கத்தில் இருந்து பாருங்கள். வயிறு வலிக்கிறது, அவன் என் பென்சிலைப் பிடுங்கிட்டான், பாத்ரூம் வருது. இந்த மூன்றையும் சொல்லத் தெரியாத இடத்தில் அது பேசாமல் உட்காரும். ட்ரவுசரை நனைத்துக்கொண்டு நாள் முழுக்க வாயே திறக்காத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், டைரியில் 'வெரி குட், கொய்ட் சைல்ட்' என்று எழுதி அனுப்பியிருப்பார்கள்.

அப்புறம் எழுத்து வேலை. ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன், ஸ்லான்டிங் லைன் என்று ஆரம்பித்து, நாலு மாதத்தில் நாலு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுத வைப்பார்கள். மூன்றரை வயது விரலுக்கு அந்த நடுக்கோட்டுக்குள் எழுத்தை அடைப்பது பெரும்பாடு. பிள்ளை பென்சிலை முஷ்டியில் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதுவதைப் பார்த்தால் புரியும். இதற்குப் பெயர் இங்கிலீஷ் கற்பது இல்லை. அம்மா அப்பாவுக்குக் காட்ட நோட்டு நிரம்ப வேண்டும், அதற்கு நடக்கிற வேலை. பணம் கொடுக்கிறவர்கள் நோட்டைத்தான் பார்க்கிறார்கள் என்பதால் ஸ்கூலையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது.

அடுத்தது தெருமுனை நர்சரி. வீட்டு மாடியிலோ, பழைய ஓட்டு வீட்டிலோ ஒரு மிஸ், ஒரு ஆயா, இருபது பிள்ளைகள். பெயர்ப் பலகையில் 'இன்டர்நேஷனல்' என்று இருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். மிஸ் பேசுவது தமிழ்தான், நடுவில் 'சிட் டவுன்', 'ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ்', 'குட் பாய், கிளாப் பண்ணு' என்று வரும். இதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு இது குறையாகப் படவில்லை. செய்யச் சொல்லி, செய்து காட்டி, உடம்போடு சேர்த்து மொழியைக் கொடுப்பது ஒரு முறையாகவே இருக்கிறது, அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வடிவமைத்தது: 'எழுந்திரு' என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே எழுந்து காட்டு, பிள்ளை பதில் பேச வேண்டியதில்லை, செய்தால் போதும். நம் மிஸ்மார் அதன் பெயர் தெரியாமலே தினமும் செய்கிறார்கள். இங்கே இருக்கிற உண்மையான குறை வேறு. மிஸ் அடிக்கடி மாறுவார், சம்பளம் அவ்வளவு குறைச்சல். பழம், காய், மிருகம், வாகனம் என்று சார்ட்டைக் குச்சியால் தட்டித் தட்டிக் கோரஸாகச் சொல்ல வைப்பதோடு பல இடங்களில் பாடம் முடிந்துவிடும். ஐம்பது பெயர்ச்சொல் தெரிந்த பிள்ளைக்கு 'எனக்குத் தண்ணி வேணும்' என்று கேட்க ஒரு வாக்கியம் தெரியாது.

சேர்க்கும் முன் ஒரு மணி நேரம் வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். பிள்ளைகள் கோரஸில் கத்துகிறார்களா, ஒருத்தர் ஒருத்தராக டீச்சரிடம் பேசுகிறார்களா என்பதை மட்டும் கவனித்தால் போதும், மற்றதெல்லாம் பெயின்ட். அனுமதிக்காவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

அங்கன்வாடியைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே 'அங்கே சோறும் முட்டையும்தான், படிப்பு எங்கே' என்பார்கள். 1975இல் தொடங்கிய திட்டம், தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கு மேல் மையங்கள். பல ஊர்களில் நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஒரே மழலையர் இடம் அதுதான். ஆடிப் பாடி விளையாடு பாப்பா என்ற பெயரில் பாடத்திட்டமே உண்டு, தமிழில் பாட்டு, கதை, விளையாட்டு என்று இந்த வயதுக்கு ஏற்ற மாதிரிதான் அமைத்திருக்கிறார்கள். நடப்பது அந்த மையத்தின் டீச்சரைப் பொறுத்தது. பதிவேடு எழுதுவது, சத்துமாவு கொடுப்பது, எடை பார்ப்பது, கர்ப்பிணிகளுக்குக் கணக்கு என்று அவர் தலையில் இருக்கிற வேலையைப் பார்த்தால், அதற்கு மேலும் கதை சொல்கிறவரைக் கும்பிடத் தோன்றும்.

அரசு நடுநிலைப்பள்ளி வளாகத்தில் இருக்கிற 2,381 அங்கன்வாடி மையங்களில் 2019 ஜனவரியில் எல்கேஜி, யூகேஜி தொடங்கினார்கள். 2022இல் அதை நிறுத்தப் போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் தொடரும் என்றார்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் அது இருந்தால், தயவுசெய்து ஒரு தடவை போய்ப் பாருங்கள், விசாரிக்காமலே ஒதுக்காதீர்கள். டீச்சர் இருக்கிறாரா, நிரந்தரமா, வருகிறாரா என்று அங்கே படிக்கிற பிள்ளையின் அம்மாவிடம் கேட்டால் ரெண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். இங்கிலீஷ் குறைவாகத்தான் கிடைக்கும், அதை வீட்டில் ஈடுகட்டலாம். ஈடுகட்ட முடியாதது தமிழில் தாராளமாகப் பேசிக் கதை கேட்டு வளர்வது, அது இங்கே கெடுவதில்லை.

கையில் பணம் இல்லை, பெரிய ஸ்கூல்தான் வேண்டும் என்றால் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் எல்கேஜியிலேயே இதில் சேரலாம், ஆன்லைனில் விண்ணப்பம், வீடு பள்ளியில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் முன்னுரிமை, 8ஆம் வகுப்பு வரை கல்விக் கட்டணம் அரசு பொறுப்பு. ஆனால் நோட்டு, யூனிஃபார்ம், வேன் என்று தனியாகக் கேட்கிற இடங்கள் உண்டு, அதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். 2025இல் மத்திய அரசின் நிதிப் பிரச்சினையால் சேர்க்கையே பல மாதம் தள்ளிப் போனது. அதனால் இதை மட்டும் நம்பி உட்காராமல் இன்னொரு இடத்தையும் பார்த்து வைப்பது நல்லது.

இப்போது வீடு. 'எங்களுக்கே சரியாப் பேச வராது, நாங்க எங்க சொல்லிக் குடுக்கிறது?' என்பதுதான் வழக்கமான பதில். மூன்று வயதுக்குத் தேவையான இங்கிலீஷ் பத்தாவது பாஸ் செய்த எல்லோரிடமும் இருக்கிறது. ஷூ எங்கே, கதவைத் திற, ரெண்டா மூணா, சுடுது, இன்னும் வேணுமா. இவ்வளவுதானே! இலக்கணம் கொஞ்சம் பிசகினாலும் குடி முழுகாது, பின்னால் பள்ளியும் புத்தகங்களும் அதைச் சரி செய்துவிடும். ஆனால் நாள் முழுக்க இங்கிலீஷில் பேசுகிறேன் என்று இறங்காதீர்கள். 'பேபி, கம், ஈட் பண்ணு, ஸ்பில் பண்ணாதே' என்று பேசுகிற வீடுகளில் குழந்தைக்கு இங்கிலீஷும் முழுசாகக் கிடைப்பதில்லை, தமிழும் சுருங்கிவிடுகிறது. பாட்டியிடம் நாலு வாக்கியம் சேர்த்துப் பேச முடியாமல் பிள்ளை திணறுவதைப் பெருமையாகச் சொல்கிற பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

நேரத்தைப் பிரித்துவிடுங்கள். குளிக்கும்போது இங்கிலீஷ், அல்லது படுக்கும் முன் இங்கிலீஷ், மற்ற நேரம் நல்ல தமிழ். குளியல் நேரத்தை நான் சிபாரிசு செய்வதற்குக் காரணம் உண்டு. ஒரே வாக்கியங்கள் தினமும் திரும்பத் திரும்ப வரும், வார்த்தைக்கான பொருள் கையிலேயே இருக்கும், பிள்ளையும் எங்கேயும் ஓட முடியாது. சோப்பு எடு, கையைத் தூக்கு, கண்ணை மூடு, தண்ணீர் ஊற்றட்டுமா, சூடா இருக்கா, இன்னொரு கப். பத்து நாள் நீங்கள் மட்டும் பேசுவீர்கள். அப்புறம் ஒருநாள் நீங்கள் வேண்டுமென்றே 'க்ளோஸ் யுவர்' என்று சொல்லி நிறுத்தினால் பிள்ளை 'ஐஸ்' என்று முடித்துவைக்கும். அந்த இடத்தில் கைதட்டிவிட்டு மேலே போங்கள், மாமாவுக்கு போன் போட்டுச் சொல்லிக் காட்டச் சொல்லாதீர்கள். மேடை ஏற்றினால் அடுத்த நாள் வாய் மூடிக்கொள்ளும்.

இரவுக்குப் படப் புத்தகம். சென்னையில் தூலிகா பதிப்பகம் 1996 முதல் குழந்தைகளுக்கான புத்தகங்கள் போடுகிறது, ஒரே பக்கத்தில் தமிழும் இங்கிலீஷும் இருக்கிற புத்தகங்களும் அதில் உண்டு. பிரதம் புக்ஸ் நடத்துகிற ஸ்டோரிவீவர் தளத்தில் காசே இல்லாமல் இரண்டு மொழியிலும் கதைகள் கிடைக்கும், நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்களின் விலையும் குறைவு. முதல் நாள் தமிழில் கதையை முழுசாகச் சொல்லுங்கள், படத்தைக் காட்டி அரட்டை அடியுங்கள். கதை மனசில் ஏறிய பிறகு அதே புத்தகத்தை இங்கிலீஷில் படியுங்கள். கதை தெரிந்திருப்பதால் பிள்ளை வார்த்தையைத் துரத்தாமல் கேட்கும். ஒரு புத்தகத்தையே ஒரு மாதம் படிக்கச் சொல்லி உயிரை எடுக்கும், சலிக்காமல் படியுங்கள், வேலை நடப்பது அந்த இருபதாவது தடவையில்தான். கனடாவில் இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் பல ஆண்டுகளாக வலியுறுத்தியதும் இதை ஒட்டியதுதான்: முதல் மொழியில் சேர்ந்த அறிவும் புரிதலும் இரண்டாவது மொழிக்கும் கைகொடுக்கும், ஒன்றை அழித்து மற்றதை வளர்க்க வேண்டியதில்லை.

இந்த வழியின் பலவீனம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. நாம் செய்ய வேண்டும். ரெண்டு பேரும் வேலைக்குப் போய் ஏழு மணிக்கு மேல் வீடு திரும்புகிற குடும்பத்தில், மூன்றாம் நாளே புத்தகம் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அப்படிப்பட்ட வீடு என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்தால், தெருமுனை நர்சரியில் நன்றாகப் பேசுகிற மிஸ்ஸுக்குக் கொஞ்சம் கூடுதல் முக்கியத்துவம் கொடுத்துத் தேடுவது நியாயம்.

ஃபோனிக்ஸ் கிளாஸ் இப்போது காளான் மாதிரி முளைத்திருக்கிறது. எழுத்தின் பெயரைச் சொல்லாமல் ஒலியைச் சொல்லிக் கொடுத்து, ஒலிகளைக் கூட்டி வாசிக்க வைப்பது, அவ்வளவுதான். இங்கிலாந்தில் இருந்து வந்த ஜாலி ஃபோனிக்ஸ் 42 ஒலிகளைக் குழுக்களாகப் பிரித்துச் சொல்லித்தரும், நம் ஊரில் பலரும் பின்பற்றுவது அதைத்தான். முறை நல்ல முறை. ஆனால் இது வாசிக்கக் கற்றுக்கொடுக்கிற முறை, பேசக் கற்றுக்கொடுப்பது இல்லை. பிள்ளைக்குக் 'கேட்' என்றால் பூனை என்று காதால் தெரிந்திருந்தால்தான் மூன்று ஒலியைக் கூட்டியதும் 'அட, பூனை!' என்று முகம் மலரும், இல்லாவிட்டால் அது வெறும் சத்தம். நம் ஊர் வகுப்புகளில் இன்னொரு கோளாறும் உண்டு. ஒலியைத் தனியாகச் சொல்லும்போது பின்னால் ஒரு 'அ' ஒட்டிக்கொள்ளும். 'க்' என்று நிறுத்தாமல் 'க' என்றும், 'ட்' என்பதை 'ட' என்றும் சொல்லிக் கொடுத்தால், பிள்ளை கூட்டும்போது 'கஆட' என்று வரும், பூனை வராது. பஸ்ஸை 'பஸ்ஸு', எம்மை 'யெம்' என்று சொல்லி வளர்ந்த நாக்கு நம்முடையது, அதனால் டீச்சருக்கே இதில் பயிற்சி வேண்டும். டெமோ வகுப்புக்குப் போனால் இதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். நாலரை, ஐந்து வயதுக்கு முன் இதில் பணம் போடுவது வீண் என்பது என் எண்ணம்.

மொபைலும் யூடியூபும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 2 முதல் 4 வயது வரை உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அந்த ஒரு மணிக்குள் பாட்டு வீடியோவை நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, கூடப் பாடி ஆடினால் கொஞ்சம் பயன் இருக்கும். சோறு ஊட்டுவதற்காகக் கையில் கொடுத்துவிட்டு 'இங்கிலீஷ் கத்துக்கிறான்' என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். நிறமும் எண்ணும் அமெரிக்க உச்சரிப்பில் ஒப்பிக்கிற பிள்ளைகள் நிறைய, அவர்களிடம் 'உனக்கு என்ன வேணும்' என்று இங்கிலீஷில் கேட்டால் மறுபடியும் நிறத்தைத்தான் ஒப்பிக்கும். ஆன்லைனில் வெளிநாட்டு ஆள் எடுக்கிற வகுப்பும், மூன்று வயதுக்குத் திரைக்குப் பின்னால் இருக்கிற ஒரு அந்நியர்தான்.

ஆக, யாருக்கு எது? வீட்டில் தாத்தா பாட்டியோ, நேரம் இருக்கிற அம்மாவோ அப்பாவோ இருந்தால்: பக்கத்து அங்கன்வாடி அல்லது அரசுப் பள்ளி எல்கேஜி, கூடவே குளியல் நேரமும் படப் புத்தகமும். ரெண்டு பேருக்கும் வேலை, நேரமே இல்லை என்றால்: பிள்ளைகளோடு தனித்தனியாகப் பேசுகிற மிஸ் இருக்கிற சின்ன நர்சரி, ஞாயிற்றுக்கிழமையாவது ஒரு புத்தகம். பெரிய ஸ்கூலில் ஒன்றாம் வகுப்புக்கு இடம் கிடைக்காது, எல்கேஜியிலேயே பிடித்தாக வேண்டும் என்கிற நிலை பல ஊர்களில் உண்மையிலேயே இருக்கிறது, அப்போது இடத்துக்காகச் சேருங்கள், தப்பில்லை. இங்கிலீஷுக்காகச் சேர்க்கிறோம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அங்கே போனாலும் 'தமிழில் கேட்டால் பதில் சொல்வீர்களா' என்று கேஜி டீச்சரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். ஒரு மணி நேர வேன் பயணம் என்றால் எனக்கு அந்த ஸ்கூல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வேண்டாம். தூங்கி வழிந்து வருகிற பிள்ளைக்கு எந்த மொழியும் ஏறாது.

எங்கே சேர்த்தாலும் முதல் சில மாதம் பிள்ளை இங்கிலீஷில் ஒன்றுமே பேசாமல் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு டிசம்பரில் ஸ்கூல் மாற்றாதீர்கள். கேட்டுச் சேர்த்து வைக்கிற காலம் அது, சொன்னதைச் செய்கிறதா என்று மட்டும் பாருங்கள். தமிழிலும் வயதுக்கு ஏற்ற பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் அது வேறு விஷயம். 'ரெண்டு பாஷை குழப்புது, ஒண்ணை நிறுத்துங்க' என்று அக்கம்பக்கத்தில் சொல்வதைக் கேட்டுக் காலம் கடத்த வேண்டாம், இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. குழந்தை மருத்துவரிடம் காட்டி முதலில் காதைப் பரிசோதித்துவிடுங்கள், ஸ்கூலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.